இரண்டு முறை உரிந்த முற்றம்

தள வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

உங்களில் ஒருவர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார். வெயிலிலும் மழையிலும் கெட்டுப்போன சிமெண்ட் தரையை உடைத்துப் புதிதாகப் போடுவதா, பழையதன் மேலேயே பூசிச் சரிசெய்வதா, இதை எப்படி முடிவு செய்வது என்று கேட்டார். தட்டிப் பார்ப்பது, கொத்திப் பார்ப்பது, தண்ணீர் விட்டுப் பார்ப்பது எல்லாம் அவருக்கே தெரியும். தெரிந்தும் கேட்கிறார் என்றால் அவருக்கு வேண்டியது வேறு ஏதோ. அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே பிடிக்கவில்லை. அவர் போன பிறகு ஸ்ரீரங்கத்து வடாம் மாமிதான் நினைவுக்கு வந்தார். அவர் முற்றத்தில் நடந்ததைச் சொன்னாலே போதும் என்று இதை எழுத உட்கார்ந்தேன்.

அது அறுபதுகளின் தொடக்கம். திருச்சியில் அப்போது சிமெண்ட் குதிரைக்கொம்பு. பர்மிட் வாங்க அலைய வேண்டும். பர்மிட் கைக்கு வந்தாலும் மூட்டை வந்து சேராது. அதனால் கெட்டுப்போன தரையை முழுதாக உடைத்துப் போடுவதை யாரும் சுலபமாக நினைக்க முடியாது. பழைய தளத்தைக் காப்பாற்றி, மேலே கெட்டுப்போன தோலை மட்டும் எடுத்துவிட்டு, புதிதாக மெல்லிய பூச்சு கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. கண்டோன்மெண்ட் பங்களாக்களில் கார் நிற்கிற தரை, பின்பக்கம் நாற்காலி போட்டு உட்காருகிற தரை, லாலாபேட்டை பக்கம் நெல் காய்கிற களம் என்று எல்லாம் பார்த்திருக்கிறேன். நம் ஊர்ச் சித்திரை வெயில் தரையை அப்பளம் சுடுகிற மாதிரி சுடும், ஐப்பசி வந்தால் அதே தரை ஊறிக் கிடக்கும். எந்தத் தரைதான் தாங்கும்?

என்னை வேலைக்கு எடுத்த காண்டிராக்டருக்கு ஒரு பழக்கம். எந்த வீட்டுக்குத் தரை பார்க்கப் போனாலும் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். தாகம் இருக்காது. தண்ணீர் வந்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்துவிடுவார். கண்டோன்மெண்டில் ஒரு டாக்டர் வீட்டுப் போர்ட்டிகோவில் அப்படித்தான் உட்கார்ந்தார். அங்கே தரையின் இடது பாதி மட்டும் சிலந்தி வலை மாதிரி வெடித்திருந்தது, வலது பாதியில் ஒரு கீறல் இல்லை. இரண்டும் ஒரே நாளில் போட்டதுதான். எனக்கு மண்டை காய்ந்தது. தண்ணீர் டம்ளர் காலியாவதற்குள் தோட்டக்காரர் கிணற்று நீரை வாளியில் கொண்டுவந்து, பகல் வெயில் விழுந்து கொதித்துக் கிடந்த இடது பாதியில் வீசி அடித்தார். சுடுகிற சிமெண்டில் சில்லென்று தண்ணீர் பட்டால் வெடிக்காமல் என்ன செய்யும்? டாக்டரின் அப்பா மாலையில் அங்கே நாற்காலி போட்டு உட்காருவாராம், தினம் குளிரவைக்க வேண்டுமாம். காண்டிராக்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றிலிருந்து நானும் போகிற இடமெல்லாம் தண்ணீர் கேட்க ஆரம்பித்தேன்.

இனி மாமி கதைக்கு வருகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்குப் பின்னால் ஒரு நீளமான வீடு. வீட்டுச் சொந்தக்காரர் அடுத்த வீதியில் இருந்தார், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இந்த வீட்டில் மாமி தனியாக வாடகைக்குக் குடியிருந்தார். கணவர் காலமானபின் வடாம், அப்பளம், மோர்மிளகாய் போட்டுக் கொடுத்து வாழ்கிறவர். பின்கட்டில் இருந்த சிமெண்ட் முற்றம்தான் அவருக்கு எல்லாம். காலையிலிருந்து சாயங்காலம் வரை நிழல் விழாத இடம். ஸ்ரீரங்கத்தில் ஒட்டி ஒட்டி நிற்கிற வீடுகளுக்கு நடுவே அப்படி ஒரு வெயில் இன்னொரு இடத்தில் கிடைக்காது. கிடைத்தாலும் தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு கொடுக்க யார் இருக்கிறார்கள்?

அந்த முற்றத்தின் மேல்பூச்சு பொடிந்து வடாமில் மண் கடிபட ஆரம்பித்தது. வீட்டுக்காரர் ஆள் வைத்து மேலே பூசினார். அடுத்த மழையில் அது ஏடு ஏடாக உரிந்துவந்தது. வேறொரு ஆள் வைத்து மறுபடி பூசினார். அதுவும் அடுத்த ஐப்பசியில் அதேபோல் உரிந்துபோனது. அதோடு அவருக்கு வெறுத்துவிட்டது. அடியோடு உடைத்து எறிந்துவிட்டு, பர்மிட் கிடைக்கிறபோது புதிதாகப் போடலாம், அதுவரை வீட்டைப் பூட்டிவைக்கலாம் என்று தீர்மானித்துவிட்டார். மாமி வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தை மாதத்தில் எனக்கு ஆள் அனுப்பினார். நான் சைக்கிளில் போய் நின்றதும் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"உடைக்கறதுன்னு தீர்மானம் பண்ணியாச்சு. நீர் பார்த்துட்டு ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லும், போதும்."

ஒரு வார்த்தை சொல்ல எனக்கு என்ன கஷ்டம்? ஆனால் பாருங்கள், இரண்டு வேறு வேறு ஆள் வேலை செய்திருக்கிறார்கள், இரண்டு பூச்சும் ஒரே மாதிரி உரிந்திருக்கின்றன. ஒருவர் கலவையில் கோட்டைவிட்டிருந்தால் இன்னொருவரும் அதேபோலவா விடுவார்? அது என்னைச் சும்மா விடவில்லை. சாயங்காலம் வாருங்கள், சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, வழக்கம்போல் மாமியிடம் தண்ணீர் கேட்டேன். கொடுத்தார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. உடைக்கச் சொல்ல வந்தவன் என்று அவருக்குத் தெரியும்.

முற்றத்தின் அடித்தளத்தை மூலைக்கு மூலை தட்டினேன். கணீர் என்றது. அந்தக் காலத்தில் யாரோ மனசாட்சியோடு போட்ட தளம், அதில் ஒரு குறையும் இல்லை. மேலே மிச்சமிருந்த பூச்சுதான் தட்டிய இடமெல்லாம் பொத்தென்று சத்தம் கொடுத்தது. உரிந்த ஏடுகளைச் சுவரோரம் குவித்துவைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துத் திருப்பினேன். அடிப்பக்கம் பழுப்பாக, வழவழப்பாக இருந்தது, ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. துரு என்று நினைத்தேன். உள்ளே கம்பி ஏதாவது கிடந்து துருப்பிடித்திருந்தால் வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி, உடைக்க வேண்டியதுதான்.

ஆனால் துரு இவ்வளவு நேராகவா ஓடும்? டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரை விரலில் தொட்டு அந்தக் கோட்டைத் தேய்த்தேன். விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. துரு அப்படி வராது, இது செம்மண். இன்னொரு ஏட்டைத் திருப்பினேன். அதில் வெள்ளைக் கோடுகள், வளைந்து வளைந்து போகின்றன. எனக்கு அப்புறம் வெயில் தெரியவில்லை. அந்தக் குவியலை முழுக்கக் கலைத்து, உடைந்த ஏடுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு, விளிம்போடு விளிம்பு பொருத்திக்கொண்டே போனேன். மாமி சமையலறை வாசலில் வந்து நின்று, இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதி சேர்ந்ததும் தெரிந்துவிட்டது. ஒரு பெரிய இழைக்கோலம். அரிசி மாவில் இழை இழையாக இழுத்து, சுற்றிலும் காவி கட்டிய கோலம். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாக, சிமெண்டின் அடிவயிற்றில் பதிந்து கிடந்தது.

மாமியைப் பார்த்து, இங்கே கோலம் போட்டீர்களா என்று கேட்டேன்.

"பின்னே? வேலை ஆரம்பிக்கற அன்னிக்கு வெறும் தரையா விடுவாளா? ரெண்டு தடவையும் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, நன்னா சாணி மெழுகி, இழைக்கோலம் போட்டுக் காவி கட்டினேன். கொத்தனார்கூட ரெண்டு கையையும் கூப்பிச் சேவிச்சுட்டுத்தான் சிமெண்ட் கொட்டினான்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. தரை நிலைத்து நிற்க வேண்டும் என்று தன்னால் ஆனதைச் செய்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் நடந்தது இதுதான். முதல் நாள் சாயங்காலம் ஆட்கள் தரையைக் கரகரப்பாகக் கொத்திவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பூச்சு பிடித்துக்கொள்ளத்தானே கொத்துவது? விடிவதற்குள் மெழுகிய சாணி அந்தக் குழிகளையெல்லாம் அடைத்துவிட்டது. அதன்மேல் மாவு, அதன்மேல் காவி. காலையில் வந்தவர்கள் கோலத்தைப் பார்த்து மனசு குளிர்ந்து, கும்பிட்டுவிட்டு அதன்மேலேயே கொட்டிவிட்டார்கள். கோலத்தைக் கழுவ யாருக்குக் கை வரும்? நம்மில் யாருக்கும் வராது. நான் பாலக்கரையில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவன். எங்கள் வீட்டு வாசலிலும் கிறிஸ்துமஸுக்குக் கோலம் உண்டு. எனக்கும் கை வந்திருக்காது.

விடை கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது. சாயங்காலம் வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது? சிமெண்ட் மட்டம் என்று சொல்லித் தப்பிக்கலாம். மாமி காதில் எதுவும் விழாது, மூன்றாவது முறை நானே காவல் இருந்து வேலையை முடித்துவிடலாம். ஆனால் இரண்டு தடவை ஏன் போயிற்று என்று சொல்லாமல், மூன்றாவது தடவை நிற்கும் என்று நான் சொன்னால் அவர் ஏன் நம்ப வேண்டும்? உண்மையைச் சொன்னாலோ மாமியை வெளியேற்ற அவருக்கு வேறு காரணமே தேவையில்லை. மாலை வரை அந்தச் சுவரோரம் உட்கார்ந்து யோசித்தேன். இந்த மாதிரி நேரத்தில் யோசித்து யோசித்து ஒன்றும் பெரிதாகத் தோன்றாது, தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் வந்தார். நான் ஏடுகளைக் காட்டி நடந்ததை அப்படியே சொன்னேன். மாமி தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் பாதி சொல்வதற்குள் அவர் முகம் வெளிறிப்போனது.

"அப்படின்னா எல்லாம் இவா பண்ணினதுதானே?" என்றார் வீட்டுக்காரர்.

"இல்லைங்க. கோலம் போடுறது வீட்டு வழக்கம். உங்க வீட்லயும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க. அதைக் கழுவிட்டுப் பூசியிருக்கணும், இல்ல முன்னாடி நாளே சொல்லியிருக்கணும். ரெண்டையும் செய்யாதது எங்க தொழில்காரங்க தப்பு."

அவர் ஒரு ஏட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவர் வீட்டிலும் கோலம் போடுகிற கைகள் இருந்தன, அது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பிறகு, சரி, இனிமேல் பூசினால் நிற்குமா என்று கேட்டார். அடித்தளம் கல் மாதிரி இருக்கிறது, சுத்தமாகக் கொத்திக் கழுவிப் பூசினால் நிற்கும் என்றேன். அவர் விடவில்லை. ஐப்பசி மழை வரை பார்ப்பேன், அதற்கப்புறமும் உரிந்தால் உடைப்பதுதான், மாமி வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவரிடமும் சொல்லிவிட்டுப் போனார். வாக்குக் கொடுத்தது நான், அது பொய்த்தால் வீட்டை விட்டுப் போக வேண்டியது மாமி. வீட்டுக்குத் திரும்பும்போது காவிரிப் பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு, நாம் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறோம் என்று யோசித்தேன். பயமாகத்தான் இருந்தது.

வேலையைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை, அது உங்களுக்குத் தெரியும். பழைய பூச்சை ஒரு பொட்டு விடாமல் எடுத்தோம், கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தோம், தண்ணீர் தெளிந்து ஓடும்வரை கழுவினோம், கட்டம் கட்டமாகப் பிரித்துப் பூசினோம், ஈரச் சாக்குப் போட்டு மூடினோம். பூசுகிற அன்று விடிவதற்கு முன்னாலேயே போய்விட்டேன். முற்றத்தில் கோலம் இல்லை. வாசலில் போடலாமே மாமி, அங்கே எத்தனை பெரிதாக வேண்டுமானாலும் போடுங்கள் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பங்குனியில் ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். வடாம் காய்கிற காலம், நல்ல உச்சி வெயில், முற்றம் மொட்டையாகக் கிடந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை. வாசலுக்கும் உள்கட்டுக்கும் நடுவில் இருக்கிற ரேழியில் இரண்டு கட்டில் போட்டு, வேட்டி விரித்து, ஓட்டு இடுக்கில் வருகிற வெயிலில் கொஞ்சமே கொஞ்சம் வடாம் காய்ந்துகொண்டிருந்தது. அதுவும் காயவில்லை, வாடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் மாமி, முற்றத்தில் போடவில்லையா என்று கேட்டேன்.

"நான் தொட்டா உரியும்னு நீங்கோதானே சொன்னேள்?"

நான் அப்படிச் சொல்லவே இல்லை. கொட்டியவர்கள் தப்பு என்றுதான் சொன்னேன், அதுவும் எல்லார் முன்னாலும். ஆனால் அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. தான் ஆசையாகப் போட்ட கோலம் தன்னையே வீட்டை விட்டுத் துரத்தப் பார்த்தது என்று கேட்டபின், மிச்சத்தை அவர் எங்கே கேட்டிருக்கப் போகிறார்? மழை வந்து போகட்டும், அதுவரை காலே வைக்கப் போவதில்லை என்று இருந்திருக்கிறார். வாடிக்கைக்காரர்கள் வேறு இடம் போக ஆரம்பித்துவிட்டார்களாம். தம்பிகளே, அன்றைக்கு எனக்கு வந்த வருத்தம் கொஞ்சநஞ்சமில்லை. தரையை ஒட்டவைத்துவிட்டேன், அதில் வாழ வேண்டியவரைத் தரையிலிருந்து பிரித்துவிட்டேன்.

அவரிடம் சொன்னேன். சிமெண்ட் இறுகிவிட்டது மாமி, இனி மேலே நீங்கள் சாணி மெழுகலாம், கோலம் போடலாம், எண்ணெய் கொட்டலாம், அது அடியில் போகாது. யாரும் மிதிக்காமல் வைத்திருந்து மழைக்கு நின்றால், அது நின்றதாகவே கணக்கில்லை. அப்புறம் என்றைக்கு நீங்கள் மிதித்தாலும் பயந்துகொண்டேதான் மிதிப்பீர்கள்.

அவர் அவசரப்படவில்லை.

"சரி, அப்படியே பண்ணி, உரிஞ்சுடுத்துன்னா? நீங்கோ சைக்கிள்ல ஏறிப் போயிடுவேள். நான் எங்க போவேன்?"

நிற்கும் என்று எனக்குத் தெரியும், ஆனால் தெரிவது வேறு, அதன்மேல் குடியிருப்பது வேறு. மாமி முற்றத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். வெயில் வீணாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலில் வாடிக்கொண்டிருந்ததில் ஒன்றை எடுத்து விரலால் வளைத்துப் பார்த்தார், அது முறியாமல் வளைந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். வாளி நிறையத் தண்ணீர் இறைத்து வந்து, அந்தக் கொதிக்கிற தரையில், டாக்டர் வீட்டுத் தோட்டக்காரரே பயப்படுகிற மாதிரி வீசி அடித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். எந்த முகத்தோடு சொல்வது?

அந்தக் கோடை முழுக்க முற்றத்தில் வடாம் காய்ந்ததாகக் கேள்விப்பட்டேன். நான் வேண்டுமென்றே அந்தப் பக்கம் போகவில்லை. எனக்கு அரியமங்கலத்தில் ஒரு பட்டறைத் தரை வேலை இருந்தது, அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்தது. அந்த வருஷம் மழை பேய் மழை. ராத்திரி பகல் பார்க்காமல் கொட்டியது, காவிரியில் தண்ணீர் இரு கரையும் தொட்டுக்கொண்டு போனது. மழை விட்டு முதல் வெயில் வந்த அன்று காலை வீட்டுக்காரர் ஆள் அனுப்பினார். நான் போனபோது அவர் கையில் தடியோடு வாசலில் காத்திருந்தார், தட்டிப் பார்க்க. இருவரும் ரேழியைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனோம். அவர் முன்னால், நான் பின்னால். அவர் ஒரு காலைத் தூக்கி முற்றத்தில் வைக்கப் போனார்.

"வைக்காதேள், காலை வைக்காதேள்!"

சமையலறைக்குள்ளிருந்து மாமி போட்ட அதட்டலில் வீட்டுக்காரர் தூக்கிய காலை அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டார். முற்றத்தில் ஒரு சாண் இடம் மிச்சமில்லை. மழையில் நமுத்துப்போன வடாம், வற்றல், மோர்மிளகாய் எல்லாவற்றையும் அவர் விடிந்ததும் விடியாததுமாக வெயிலுக்குப் பரப்பியிருந்தார். சுற்றிலும் ஓரமாக ஈரம் பளபளத்த தரை, எங்கும் ஒரு விரிசல் கண்ணில் படவில்லை. மாமி கரண்டியோடு வெளியே வந்து எங்கள் இருவரையும் பார்த்தார். எதற்கு வந்திருக்கிறோம் என்பதே அப்போதுதான் அவருக்கு நினைவு வந்ததுபோல் தெரிந்தது. ஆனாலும் வழிவிடவில்லை.

"இன்னிக்குத்தான் வெயிலே வந்திருக்கு. இதெல்லாம் காஞ்சு நான் எடுத்தப்புறம் வந்து தட்டிப் பாருங்கோ."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், முற்றத்தைப் பார்த்தார். தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சரி, காயட்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அதற்கப்புறம் அவர் தட்டிப் பார்க்க வரவே இல்லை.